இதுதான் கடைசி

பழைய கார் வாங்கிச் சீர்செய்யும் பித்துப் பிடித்தவர்கள் எல்லோரும் வீட்டில் சொல்லும் பொய் ஒன்றுதான்: "இதுதான் கடைசி." முதல் வண்டி, ஓட்டுவதற்கு. இரண்டாவது, முதல் வண்டிக்கு உதிரி பாகம் கழற்ற. மூன்றாவது, இரண்டாவதைக் கழற்ற மனசு வராததால். நாலாவது எதற்கு என்று கேட்டால் "காபி போடட்டுமா?" என்று பேச்சு மாறும். இந்தக் கணக்கைத் தடுக்க ஆளில்லாமல் விட்டால் ஐந்நூறு வரை போகும். பிரான்ஸில், சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில், முலூஸ் என்கிற ஊரில் போயிருக்கிறது.

அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவர் ஃபிரிட்ஸ் ஷ்லும்ப். 1906இல் பிறந்தவர். இரண்டு வயது மூத்த அண்ணன் ஹான்ஸ். இருவரும் சுவிஸ் பிரஜைகள். அப்பா போன பிறகு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய அம்மா, முலூஸ்காரர். அண்ணன் பாங்கில் இருந்தவர், தம்பி கம்பளித் தரகர். இருவரும் சேர்ந்து அல்சாஸ் பகுதியில் ஒரு நூற்பாலையை வாங்கி, அதை இரண்டாக்கி, இன்னும் சிலதாக்கி, ஊர்ப் பெரிய மனிதர்கள் ஆனார்கள். ஆலையைப் பெருக்கத் தெரிந்தவருக்குக் காரைப் பெருக்கத் தெரியாதா?

ஃபிரிட்ஸுக்குப் புகாட்டி என்றால் உயிர். அந்தக் கார்கள் பிறந்த மோல்ஸைமும் அதே அல்சாஸில்தான் இருக்கிறது. 1947இல் எத்தோரே புகாட்டி கண்ணை மூடினார். கொஞ்ச காலத்தில் கம்பெனியும் படுத்துவிட்டது. இறந்த யானையும் ஆயிரம் பொன் என்பார்கள். அறுபதுகளில் இந்த யானைக்கு ஆட்டு விலைதான். பழைய புகாட்டியைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு, யாராவது எடுத்துப் போனால் தேவலை என்று இருந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். யார் யாரிடம் எந்தப் புகாட்டி இருக்கிறது என்று ஒரு பட்டியல் வெளிவந்தது. மற்றவர்கள் அதைப் படித்தார்கள். நம்மவர், பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை அனுப்புகிற மாதிரிக் கடிதம் போட்டார்: உங்கள் வண்டியைக் கொடுக்கிறீர்களா?

கொடுத்தார்கள். 1963இல் புகாட்டி தொழிற்சாலையே தன்னிடம் மிஞ்சியிருந்த 18 கார்களைக் கொடுத்தது. அதில் ஒன்று ரோயால். 12.7 லிட்டர் இன்ஜின், அரண்மனை வாசலில் நிறுத்த லாயக்கான நீளம். ராஜாக்களுக்கென்றே செய்த வண்டி. ஒரு ராஜாவும் வாங்கவில்லை. மொத்தம் 6 செய்து, விற்றது 3. மிச்ச இன்ஜின்களை ரயிலில் மாட்டித் தீர்த்தார்கள். அப்படிப்பட்ட வெள்ளை யானை ஒன்று ஃபிரிட்ஸின் லாயத்துக்கு வந்து சேர்ந்தது. ஒற்றை யானை பாவம் அல்லவா? அடுத்த வருஷமே ஜோடி தேடினார்.

ஜோடி இருந்த இடம் அமெரிக்கா, இலினாய் மாநிலம், ஹாஃப்மன். வைத்திருந்தவர் பெயர் ஜான் ஷேக்ஸ்பியர். நாடகம் எழுதியவர் இல்லை. ஆனால் அவர் வண்டி நிறுத்தியிருந்த இடம் ஐந்தாம் அங்கம் மாதிரிதான் இருந்தது. மண் தரை, உடைந்த ஜன்னல், ஒழுகும் கூரை, உள்ளே குருவிக் கூடு. ஜோடியோடு சேர்த்து அங்கிருந்த முப்பதில் எந்த வண்டியும் உருப்படியாக இல்லை. வேறு யாராவது என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியிருப்பார்கள். ஃபிரிட்ஸ் நேரில்கூடப் பார்க்காமல் கடிதத்திலேயே பேரம் பேசி 30 புகாட்டிகளையும் மொத்தமாக 85,000 டாலருக்கு முடித்தார். ஒன்று மூவாயிரம் டாலர்கூட விழவில்லை. திறந்த ரயில் வேகன்களில் வரிசையாக ஏற்றி, கப்பலுக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு அந்த ரயிலை நினைத்து அழாத கார்ப் பைத்தியம் கிடையாது.

வந்தவை இறங்கிய இடம் முலூஸில் ஓர் ஆலை. நூல் நூற்பதற்காக 1957இல் வாங்கிய கட்டடம். உள்ளே தச்சர், தோல் வேலைக்காரர், மெக்கானிக் என்று நாற்பது பேர் வரை வேலை பார்த்தார்கள். வெளியே மூச்சு விடக் கூடாது என்று ஒப்பந்தம். ஆனால் திருகைக் கல் ஒன்று, வந்து நிற்பதோ பத்து வண்டி நெல். நாற்பது பேர் ஒரு காரைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதற்குள் வாசலில் நாலு வந்து நின்றன. அண்ணனும் தம்பியும் இப்படிப் பேசியிருப்பார்கள் என்று நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன்:

"டேய், மொத்தம் எத்தனைடா ஆச்சு?"

"எண்ணாதே அண்ணா. கண்ணு பட்டுடும்."

கார் போதாதென்று அலங்காரம் வேறு. பாரிஸின் மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்தில் இருக்கும் விளக்குக் கம்பங்களை அச்சு அசலாக வார்த்து, நூற்றுக்கணக்கில் ஆலைக்குள் நட்டார் ஃபிரிட்ஸ். ரெஸ்டாரண்ட் கட்டினார். எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சமர்ப்பணம் செய்தார். ஊரைக் கூப்பிட்டுத் திறப்பதை மட்டும் செய்யவில்லை.

எழுபதுகளில் ஐரோப்பாவில் நூல் வியாபாரம் நொண்டியது. ஆலைகள் தள்ளாடின, 1976இல் ஆட்குறைப்பு. தொழிலாளர்கள் ஷ்லும்ப் வீட்டைச் சூழ்ந்தார்கள். போலீஸ் துணையோடு சகோதரர்கள் சுவிட்சர்லாந்தின் பாசலுக்குத் தப்பினார்கள். முலூஸிலிருந்து 30 சொச்சம் கிலோமீட்டர். ஐந்நூறு கார் வைத்திருந்தவர், அதில் ஒன்றைக்கூடக் கொண்டுபோக முடியாமல் எல்லை தாண்டிய கதை இது.

1977 மார்ச் 7. தொழிலாளர்கள் ரகசிய ஆலைக்குள் புகுந்தார்கள். ஆலையில் பணமில்லை என்று கேட்டுக் கேட்டுப் புளித்த காதுகள். எதிரே பாரிஸ் விளக்குக் கம்பம், அடியில் பாலீஷ் போட்ட புகாட்டி. வாழ்க்கையில் ஒரு முறை பார்க்க வேண்டிய காட்சி. கோபத்தில் ஒரு வண்டியைக் கொளுத்தினார்கள். எதை? ரோயாலையா? இல்லை, ஆஸ்டின் 7. இருந்ததிலேயே சாமானியர்களின் வண்டி. தர்ம அடி என்றால் அங்கேயும் ஏழைக்குத்தான்.

பிறகு கோபம் தணிந்து வியாபாரிகளைவிடச் சாமர்த்தியமாக நடந்துகொண்டார்கள். 'தொழிலாளர் தொழிற்சாலை' என்று பெயர் மாற்றி, ஊரை உள்ளே விட்டார்கள். ஃபிரிட்ஸ் பத்து வருஷமாகத் தள்ளிப்போட்ட திறப்பு விழா அவர் செலவில், அவர் இல்லாமல் நடந்தது. இரண்டு வருஷம் கூட்டம் அலைமோதியது.

எத்தனை வண்டி வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு, உரியவரைத் தவிர எல்லோரும் பதில் சொன்னார்கள். தொழிலாளர்கள்: ஒன்று குறைவாக. அரசாங்கம்: ஒன்றுகூடக் குறையக் கூடாது. 1978இல் தொகுப்பு முழுவதையும் வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தது. 1981இல் எல்லாம் 4 கோடியே 40 லட்சம் ஃபிராங்குக்குக் கைமாறி, 1982இல் தேசிய மோட்டார் மியூசியம் ஆயிற்று. ஹான்ஸ் 1989இல் போனார், ஃபிரிட்ஸ் 1992இல்.

கொளுத்தாமலும் சின்னமாக்காமலும் மிஞ்சியது இன்னொரு கூட்டம். சகோதரர்களின் மல்மெர்ஸ்பாக் ஆலையில் "அப்புறம் பார்க்கலாம்" என்று ஒதுக்கிய துருப்பிடித்த 62 வண்டிகள். வழக்கெல்லாம் நடந்து அவை ஃபிரிட்ஸின் மனைவி கைக்கு வந்தன. 2008இல் பீட்டர் முல்லின் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் வாங்கினார். அவற்றில் பலவற்றை அவர் சீர்செய்யவே இல்லை. தூசியும் துருவுமாக அப்படியே கலிஃபோர்னியாவில் காட்சிக்கு வைத்தார். ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்.

ஆகவே, கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும் நாலாவது வண்டிக்கு இனிப் பதில் இருக்கிறது: அது வேலை நிலுவையில் கிடக்கும் வண்டி இல்லை, காட்சிப் பொருள். ஐந்தாவதைப் பற்றிக் கேட்டால் மட்டும், காபி போடட்டுமா?