நூறு நாள் வேலை, கூலி கிடையாது

நூறு நாள் வேலை என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 2005இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் தூர்வாரப் போன அம்மாக்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள் என்று இருபது வருடமாகக் கேலி செய்துகொண்டிருக்கிறோம். உட்கார்ந்தார்களோ குனிந்து வெட்டினார்களோ, அவர்களுக்குக் கூலி உண்டு. வரத் தாமதமானால் ஒன்றிய அலுவலக வாசலில் போய் உட்காரவும் அவர்களுக்குத் தெரியும்.

சிட்னியிலும் ஒரு நூறு நாள் வேலை இருக்கிறது. என் அக்கா மகள் இப்போது அதில்தான் இருக்கிறாள்.

டயட்டீஷியன் ஆவதற்கு இரண்டு ஆண்டு முதுகலை படிக்கிறாள். அதில் பிளேஸ்மென்ட் என்ற பெயரில் மருத்துவமனை, முதியோர் இல்லம், சமூக நல மையம் என்று சுற்றி வர வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மொத்தம் ஏறக்குறைய 100 நாள், அதாவது இருபது வாரம். சம்பளம் ஒரு காசு கிடையாது. அதோடு விட்டார்களா? அந்த இருபது வாரமும் பாடத்திட்டத்தில் சேர்த்தி என்பதால் அதற்கும் கட்டணம் உண்டு. வேலைக்குப் போக அவளே பணம் கட்டுகிறாள். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணிகூட முன்பணம் என்று எதையாவது கையில் வைத்துத்தான் கூட்டிப்போனான்.

இந்த நிலைமைக்கு ஆஸ்திரேலியாவில் பெயரெல்லாம் வைத்துவிட்டார்கள்: ‘பிளேஸ்மென்ட் வறுமை’. பெயர் வைத்த கையோடு மருந்தும் கொடுத்தார்கள். 2024 மே மாதம் கான்பராவில் அறிவிப்பு வந்தது. 2025 ஜூலை 1 முதல் பயிற்சி மாணவர்களுக்கு வாராந்திர உதவித்தொகை. அறிவித்தபோது சொன்ன தொகை 319 டாலர் 50 சென்ட். அதே 2024இல் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 319 ரூபாய். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தேன். அங்கே நாளுக்கு ரூபாயில், இங்கே வாரத்துக்கு டாலரில். என் அக்கா மகளுக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. ஆசிரியர், செவிலியர், மருத்துவச்சி, சமூகப் பணியாளர் என்று நான்கு படிப்போடு பட்டியல் முடிந்துவிட்டது. அந்த நான்கு பேருக்குக் கொடுத்தது தப்பே இல்லை, இன்னும் கூடக் கொடுத்திருக்கலாம். ஆனால் அதே வார்டில், அதே கட்டிலைச் சுற்றி, அதே நோயாளியின் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் டயட்டீஷியன் மாணவி மட்டும் என்ன காற்றைக் குடித்தா உயிர் வாழ்கிறாள்?

ஏறக்குறைய அப்படித்தான் வாழ்கிறாள். விடிவதற்கு முன் ரயில். எட்டு மணியிலிருந்து மாலை வரை மருத்துவமனை. அங்கிருந்து நேராக ஒரு சூப்பர்மார்க்கெட், இரவு பத்து வரை கல்லாவில். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நோயாளிக்கு ஊட்டச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று வார்டில் இரண்டே கேள்வியில் கண்டுபிடிப்பார்கள் என்று முன்பு ஒருமுறை சொல்லியிருந்தாள். பிரிஸ்பேனில் உருவாகி, 1999இல் வெளியாகி, இன்று பல நாடுகளில் பயன்படும் முறை அது. அந்தக் கேள்விகளை அவளிடமே கேட்டேன்.

“நீயா முயற்சி பண்ணாம எடை குறைஞ்சிருக்கா?”

“நாலு கிலோ இருக்கும் மாமா.”

“அதுக்கு எத்தனை மதிப்பெண்?”

“ஒண்ணு.”

“பசியில்லாம சாப்பாடு குறைஞ்சிருக்கா?”

“பத்து மணிக்கு மேல பசி எங்க இருக்கு? செத்துப் போயிடுது. அதுக்கு ஒண்ணு.”

“மொத்தம் ரெண்டு. ரெண்டு வந்தா என்ன செய்யணும்?”

சாம்பாரைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: “டயட்டீஷியனைப் பாக்கச் சொல்லி எழுதணும்.”

அந்த நூறு நாளில் ஒரு பகுதி முதியோர் இல்லச் சமையலறையில் கழிந்தது. விழுங்க முடியாதவர்களுக்கு உணவை அரைத்துக் கொடுக்கும்போது பதம் சரியா என்று பார்க்க ஒரு கரண்டிச் சோதனை இருக்கிறது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் விழுது உருவம் கலையாமல் வழுக்கி விழ வேண்டும். கரண்டியில் ஒட்டவும் கூடாது, தண்ணீராய் ஓடவும் கூடாது. கேரட்டை வேகவைத்து அரைத்து, மறுபடி கேரட் வடிவ அச்சிலேயே ஊற்றி எடுக்கிறார்கள். பல்லில்லாத பாட்டியும் தட்டில் கேரட்டைப் பார்க்கட்டுமே என்ற கரிசனம். சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு தட்டிலும் எவ்வளவு மிச்சம் என்று எழுத வேண்டும். நிறைய மிச்சம், ஏன் என்று புரியவில்லை என்றாள். எனக்குப் புரிந்தது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, செய்தவரும் ஒரு டயட்டீஷியன்தான். ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களில் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் ஆன உணவுப் பொருள் செலவு சராசரியாக 6 டாலர் 8 சென்ட். சிறைக் கைதிக்கு இதைவிட அதிகம் செலவாகிறது என்று பத்திரிகைகள் அப்போதே எழுதின. 2019இல் அரச விசாரணை ஆணையம் முதியோர் பராமரிப்பு பற்றிய தன் இடைக்கால அறிக்கைக்கு ஒரே சொல்லில் தலைப்பு வைத்தது: ‘புறக்கணிப்பு’. 2021இல் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து டாலர் கூட்டிக் கொடுத்தார்கள். முதியவரின் தட்டுக்குக் காசு எண்ணும் அதே கைதான், அந்தத் தட்டை எடைபோடும் பெண்ணுக்கும் விரித்துக் காட்டுகிறது.

சரி, இத்தனை பாடுபட்டுப் பட்டம் வாங்கிவிட்டால் அந்தப் பெயருக்காவது காவல் உண்டா? ஆஸ்திரேலியாவில் 16 சுகாதாரத் தொழில்களைத் தேசியப் பதிவுச் சட்டம் காக்கிறது. செவிலியர் அல்லாதவர் தன்னைச் செவிலியர் என்று சொல்லிக்கொண்டால் 60,000 டாலர் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. சீன மருத்துவர் பட்டியலில் இருக்கிறார், பாத மருத்துவர் இருக்கிறார். டயட்டீஷியன் இல்லை. டயட்டீஷியன்கள் சங்கம் தரும் அங்கீகாரச் சின்னம் ஒன்று உண்டு. அதைப் பெற்றபின் முதல் வருடம் வழிகாட்டியோடு வேலை செய்ய வேண்டும், வருடந்தோறும் 30 மணி நேரம் தொடர்கல்விக் கணக்குக் காட்ட வேண்டும். எல்லாம் படித்தவளுக்கு மட்டும். படிக்காதவர் நாளைக் காலையே ‘நியூட்ரிஷனிஸ்ட்’ என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். துணிச்சல் இருந்தால் ‘டயட்டீஷியன்’ என்றும் மாட்டலாம். அந்தப் பதிவுச் சட்டம் தடுக்காது.

மெல்போர்னில் பெல் கிப்சன் என்ற பெண் அப்படித்தான் கடை விரித்தார். மூளையில் புற்றுநோய், நல்ல சாப்பாட்டால் சமாளிக்கிறேன் என்றார். செயலி வந்தது, பென்குவின் புத்தகம் போட்டது. பட்டம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. 2015இல் புற்றுநோயே பொய் என்று அவரே ஒப்புக்கொண்டார். 2017இல் நீதிமன்றம் 4,10,000 டாலர் அபராதம் போட்டது. எதற்கு? தர்மத்துக்குக் கொடுப்பேன் என்று சொல்லி வசூலித்துக் கொடுக்காமல் விட்டதற்கு. சாப்பாடு புற்றை அடக்கும் என்று நம்பியவர்கள் இழந்ததற்கு அந்தத் தொகையில் தனி வரி கிடையாது.

நம் ஆட்களையும் விடுவதாக இல்லை. சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் ஒரு பிறந்தநாள் விருந்து. என் அக்கா மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார் ஒருவர். சொன்னேன். “சாப்பிடறதுக்குப் படிப்பா? எங்கம்மா படிக்காமலே தொண்ணூறு வயசு இருந்தாங்க” என்றார். சொல்லிவிட்டு மூன்றாவது குலாப்ஜாமூனை எடுத்தார். பத்து வருடமாகச் சர்க்கரைக்காரர். காலையில் வெந்தயத் தண்ணீர், மாலையில் வாட்ஸ்அப் வைத்தியம். குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுத்தால் டயட்டீஷியனைப் பார்க்க அரசின் மெடிகேர் காப்பீடு வருடத்துக்கு ஐந்து முறை கைகொடுக்கும், ஆனால் பாத மருத்துவர், பிசியோ எல்லோருக்கும் சேர்த்து அந்த ஐந்துதான். அவருடைய ஐந்தும் முழங்காலுக்குப் போய்விட்டது.

அவளுக்கு இன்னும் 37 நாள் பாக்கி. ஒன்றிய அலுவலக வாசலில் போய் உட்கார இங்கே வசதி இல்லை. ஆனால் உங்கள் தொகுதிக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இருக்கிறார், அவருக்கு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. அந்த நான்கு படிப்புப் பட்டியலில் இதையும் சேர்க்கச் சொல்லி நான்கு வரி எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, மொழிபெயர்க்க அவர்களிடம் ஆள் இருக்கும். சம்பளம் வாங்கும் ஆள்.