தடித்த எழுத்தும் மெலிந்த பொருளும்: இம்பாக்ட் எழுத்துருவை முன்வைத்து ஓர் ஆய்வு

எழுத்தின் பருமன் கூடக் கூட, அது சொல்லும் செய்தியின் கனம் குறையும் என்பதே இக்கட்டுரை நிறுவ முனையும் கருதுகோள். இதனைப் ‘பருமன் விதி’ என்க. சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஜவுளிக்கடை விளம்பரத்தில் ‘50% தள்ளுபடி’ என்பது ஓடும் பேருந்திலிருந்தே தெரியும். அதன் ஓரத்தில் ‘வரை’ என்ற சொல், யானைக் காதில் உட்கார்ந்த ஈயைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். வழக்கு என்று வந்தால் கடைக்காரருக்காகச் சாட்சி சொல்லப்போவது அந்த ஈதான்.

இனி வரலாறு. முனைகளில் குறுங்கோடு இல்லாத மொட்டை எழுத்து, அதாவது சான்ஸ் செரிஃப், ஆங்கில அச்சுக்கு 1816இல் வந்தது. நான்காம் வில்லியம் காஸ்லானின் மாதிரிப் புத்தகத்தில் அது முழுக்கப் பெரிய எழுத்துகளாகவே இருந்தது. சிறிய எழுத்தே கிடையாது. கத்துவதற்கென்றே பிறந்த குழந்தை என்று கொள்ளலாம்.

அந்தக் குலத்தில் தோன்றிய மகா பருமனே இம்பாக்ட். 1965இல் ஜெஃப்ரி லீ வரைய, ஷெஃபீல்டு நகரத்து ஸ்டீஃபன்சன் பிளேக் வார்ப்பகம் ஈயத்தில் வார்த்தது. ஈய அச்சு இழுத்துக்கொண்டு கிடந்த காலம் அது. லீ விளம்பரத் துறைக்காரர். கொடுத்த இடத்துக்குள் எவ்வளவு மையைத் திணிக்க முடியுமோ அவ்வளவையும் திணிப்பதுதான் அவர் நோக்கம். அதற்காகச் சிறிய எழுத்தின் உடலைப் பெரிய எழுத்தின் முக்கால் உயரம்வரை ஏற்றினார். மேலே நீளும் கொம்பைக் குட்டையாக்கினார். கீழே தொங்கும் வாலை இன்னும் குட்டையாக்கினார். ஆங்கில ‘இ’யின் வயிற்றுக்குள் ஒரு கீறல் அளவு வெளிச்சமே மிச்சம். ஒரு சொல்லுக்கு அழகு. ஒரு பத்தி முழுக்க அடித்துப் பார்த்தால் பக்கமே கறுத்துப்போகும்.

1996இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்கென இலவசமாகக் கொடுத்த எழுத்துருக் கட்டில் இதுவும் இருந்தது. கேட்டவர் கேட்காதவர் எல்லார் கணினியிலும் வந்து உட்கார்ந்தது. 2007 வாக்கில் பூனைப் படங்கள் பரவியபோது வெள்ளை எழுத்து, கறுப்பு விளிம்பு என்ற கோலத்தில் அவற்றின் தலையிலும் காலிலும் ஏறிக்கொண்டது. காரணம் எளிது. பின்னால் இருப்பது வெள்ளைப் பூனையோ கறுப்புச் சோபாவோ, விளிம்பு இருந்தால் எழுத்து தெரியும். ஒல்லி எழுத்தை விளிம்பே தின்றுவிடும், இம்பாக்டுக்குச் சதைப்பிடிப்பு உண்டு. இவ்வளவு ஏற்பாட்டுடன் உலகுக்கு அறிவிக்கப்பட்ட செய்தி, ஒரு பூனைக்குச் சீஸ்பர்கர் வேண்டும் என்பது. விதி மெய்ப்பிக்கப்பட்டது.

தமிழில் நிலைமை சிக்கல். வடிவேலுவின் முகத்துக்குக் கீழே எழுத இம்பாக்டைத் தேர்ந்தெடுத்தால், அதில் தமிழ் எழுத்தே கிடையாது. கணினி சத்தமில்லாமல் தன் தமிழ் எழுத்துருக்களான லதாவையோ நிர்மலாவையோ அனுப்பிவைக்கும். மேலே பெட்டியில் மட்டும் இம்பாக்ட் என்றே இருக்கும். லீயின் தந்திரமும் நம்மிடம் செல்லாது. நமக்கு மாடியிலும் ஆள் உண்டு, நிலவறையிலும் ஆள் உண்டு: ‘கீ’க்கு மேலே சுழி, ‘பூ’வுக்குக் கீழே வால். இடம் போதவில்லை என்று புள்ளியை வெட்டினால் அப்பா ‘அபபா’ ஆகிவிடுவார். ஓலை எழுதியவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். குத்தினால் ஓலையில் பொத்தல் விழும். ஆனால் அவர்களுக்குத் தடித்த எழுத்து வாய்க்கவில்லை. எழுத்தாணியை அழுத்தினால் ஓலை கிழியும். அக்கால நூல்கள் அத்தனை கனமாக இருப்பதற்கு வேறு காரணம் தேடுவது வீண் வேலை.

இக்காலத்துக்கு ஃபிளெக்ஸ் கடையே சரியான ஆய்வுக்களம். கோரல் டிராவின் முன் ஆபரேட்டர்; அவர் முதுகுக்குப் பின்னால் தாய்மாமன். “தம்பி, பேரைக் கொஞ்சம் பெருசாக்குங்க.” ஆபரேட்டர் பெயரைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்கிறார். நிற்கும் கோடு பருக்கிறது, படுத்த கோடு அப்படியே கிடக்கிறது. “இன்னும் எடுப்பா இல்லையே.” மஞ்சள் விளிம்பு, அதற்குச் சிவப்பு விளிம்பு, அதற்கு ஒரு நிழல். ‘காதணி விழா’வில் உள்ள ‘ணி’யின் சுழிகள் அடைத்து, மூச்சுத் திணறி நிற்கின்றன. ஃபிளெக்ஸுக்குக் காசு சதுர அடிக் கணக்கில். மைக்குத் தனியாக வாங்குவதில்லை. ஆதலால் பருமனுக்குப் பொருளாதாரத் தடை ஏதும் இல்லை. காது குத்திக்கொள்ளப்போகும் குழந்தையின் பெயர், பெரியப்பாக்களின் வரிசைக்குக் கீழே, இழுக்காத எழுத்தில் இருக்கிறது. விழாவில் முக்கியமானவர் யார் என்பதை விதிப்படி அதை வைத்தே கண்டுகொள்ளலாம்.

மின்கம்பத்துப் பலகையில் ‘அபாயம்’ தடித்துத்தானே இருக்கிறது, அது மெலிந்த செய்தியா என்று சிலர் மடக்குவர். அங்கே மக்கள் பார்ப்பது மண்டை ஓட்டை, எழுத்து உபரி. மேலும் மறுப்பு உடையோர் சாதாரண எழுத்திலேயே எழுதி அனுப்பவும். தடித்த எழுத்தில் வந்தால் விதிப்படி தானாகவே தள்ளுபடி ஆகிவிடும். இக்கட்டுரையின் தலைப்பைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தால் அது ஆசிரியர் குழுவின் வேலை. ஆய்வாளருக்கு அதில் பங்கில்லை.