ஆண் கன்னிக்கு ஒரு கம்பீரப் பெயர்

கரிசல் சீமையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு வேட்டைநாய்க் குட்டி வந்து சேர்ந்தது. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு. ஆண்குட்டி. இனத்தின் பெயரோ 'கன்னி'. மீசை வைத்த கன்னியைத் தெருவில் நடத்திக்கொண்டு போக வேண்டுமென்றால், கூப்பிடும் பெயராவது கம்பீரமாக இருக்க வேண்டாமா?

குடும்பம் கூடியது. அப்பா 'சீசர்' என்றார். லேசான பெயரில்லை. இங்கிலாந்து அரசர் ஏழாம் எட்வர்டின் நாய் சீசர்தான், 1910இல் அவருடைய இறுதி ஊர்வலத்தில் வெளிநாட்டு மன்னர்களுக்கெல்லாம் முன்னால் நடந்தது. ஆனால் எங்கள் தெருவில் ஏற்கெனவே மூன்று சீசர்கள். அதில் ஒன்று பொமரேனியன்.

தம்பி 'ராஜேந்திரன்' என்றான். கங்கை வரை படை அனுப்பிய சோழன் பெயர், பழுதில்லை. "ராஜேந்திரா, செருப்பைக் கீழே போடுடா!" என்று வாசலில் நின்று ஒத்திகை பார்த்தோம். எதிர்வீட்டு மாமா வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அவர் பெயரும் ராஜேந்திரன்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஆச்சி மட்டும் பொறுமை இழந்தாள். "மொசலைக் கண்டா இது நிக்கவா போவுது? நீங்க பேரைச் சொல்லி முடிக்கதுக்குள்ள அடுத்த ஊருக்குப் போயிரும். ரெண்டெழுத்துல வைங்கய்யா."

மாநகராட்சி உரிமத்தில் 'மாறவர்மன்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். மணி என்றால்தான் வருகிறான்.