துண்டும் பொன்னாடையும்

கேள்வி: பெரிய வியாழனன்று எங்கள் ஆயர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுகிறார். மற்ற நாளில் அவரைப் பார்க்கவே சிபாரிசு தேவைப்படுகிறதே?
– ஒரு வாசகர், மேனாம்பேடு

பதில்: சீடர்களின் கால் கழுவ இயேசு இடுப்பில் கட்டியது துண்டு, மேடையில் போர்த்தும் பொன்னாடை அல்ல. அந்தத் துண்டின் பொருளை வாழ்ந்து காட்டிய பேராயர் ஒருவர் உண்டு. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912-ல் தெலுங்கு பேசும் பகுதியான தோர்ணக்கல்லின் பேராயரானார்; ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். எவ்வளவு பெரிய நாற்காலி! அவரோ மாட்டுவண்டியில் ஏறினார். தமிழரான அவர் தெலுங்கு கற்று, ஊர் ஒதுக்கிவைத்த மாலா, மாதிகா மக்களைத் தேடி, புழுதிச் சாலையில் கிராமம் கிராமமாகப் போனார். அவரைப் பார்க்க மக்கள் காத்திருக்கவில்லை; பேராயரே வந்தார்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் ஆயரின் கையைப் பிடித்துக் கூப்பிடுங்கள்: "ஐயா, எங்க தெருவுல ஒரு பாட்டி படுத்த படுக்கையா இருக்காங்க. இப்பவே வாங்க, நடந்தே போயிடலாம்."