மூக்கில்லாத ஜீப்பும் முடியாத வேலையும்

கரிசல் சீமையில் கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் மூன்று வகை. ஒருவர் நிலம் வாங்கிப் போடுவார். இன்னொருவர் தீப்பெட்டி ஆபீஸ் வைப்பார். மூன்றாமவர் ஓடாத வண்டி வாங்குவார். முதல் இருவர் மீதும் அக்கறைப்பட வருமான வரிக்காரர்கள் இருக்கிறார்கள். மூன்றாமவருக்கு நம்மை விட்டால் நாதியில்லை.

திருவேங்கடத்தில் அவருக்கு ‘ஜீப் அண்ணாச்சி’ என்று பெயர். சங்கரன்கோவிலிலும் கழுகுமலையிலும் கோவில்பட்டியிலும் வேறு வேறு பெயரில் இருப்பார், ஆள் ஒன்றுதான். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். வேட்டி வெள்ளைதான், ஆனால் எந்த வேட்டியிலும் கிரீஸ் பட்ட விரல் அடையாளம் உண்டு. கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை யாருக்கு வாய்க்கிறதோ, அவர் பாவம். சாம்பார் வருவதற்குள் கியர் ரேஷியோவை ஆரம்பித்திருப்பார். மோர் வரும்போதும் முடிந்திருக்காது.

அண்ணாச்சியின் வண்டி மஹிந்திரா எஃப்.சி. 150. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1950களின் பிற்பாதியில் கொண்டுவந்த லோடு ஜீப். வடிவம் கொடுத்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். மஹிந்திரா அதை 1965 முதல் இங்கே செய்தது. மற்ற ஜீப்புக்கு முன்னால் பானெட் நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு மூக்கே கிடையாது. டிரைவர் கிட்டத்தட்ட முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார். இன்ஜின் இரண்டு சீட்டுக்கும் நடுவில், கேபினுக்குள்ளேயே, ஒரு தகர மூடிக்கு அடியில் இருக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 81 அங்குலம்தான். குட்டை வண்டி, பெரிய தொட்டி.

ஏதோ ஒரு ஏலத்தில் இரும்பு விலைக்கு எடுத்து, வீட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். ஆர்.சி. புத்தகத்தில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருக்கும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. திருவேங்கடமும் அதோடு போயிற்று. நின்ற இடத்தில் நின்றபடியே மாவட்டம் மாறிய வண்டி இது ஒன்றுதான் என்று அண்ணாச்சிக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. இதற்குள் தொட்டியில் கோழிகள் குடியேறிவிட்டன. ‘வேலை தொடங்கணும், கோழியை இறக்கு’ என்றால், ‘முதல்ல வண்டி ஓடட்டும், பிறகு இறக்குதேன்’ என்பார் வீட்டம்மா.

அண்ணாச்சியின் தாரக மந்திரம், ‘பழசு பழசுதாம்ல! இந்த இரும்பு இப்ப எங்க கிடைக்கும்?’ என்பது. இதைச் சொல்லி முடித்த கையோடு பழசில் ஒன்றைக் கழற்றிக் கடாசுவார்.

முதலில் போனது இன்ஜின். ஹரிக்கேன் என்ற பெட்ரோல் இன்ஜின் அது. காற்றை உள்ளே விடும் வால்வு மேலே ஹெட்டில், புகையை வெளியேற்றும் வால்வு கீழே பிளாக்கில். 2.2 லிட்டர் கொள்ளளவு; அடக்கமாக எழுபது சொச்சம் குதிரைத்திறன். ‘பொலிரோ டி.ஐ. இன்ஜின் வையுங்க அண்ணாச்சி. 2523 சி.சி., நாலு போல்ட், நாலு வயர், எவன் வேணாலும் வேலை பாப்பான்’ என்று மெக்கானிக் கெஞ்சினார். அண்ணாச்சி கேட்கவில்லை. ஸ்கார்பியோவின் எம்-ஹாக் இன்ஜினில்தான் குறியாக இருந்தார்: 2179 சி.சி., 120 குதிரைத்திறன். அரை நூற்றாண்டு போயும் கொள்ளளவு அதே 2.2 லிட்டர்தான், குதிரைகள்தான் நாற்பது ஐம்பது கூடியிருக்கின்றன. அத்தனையும் இனி அண்ணாச்சியின் இடது முழங்காலை உரசிக்கொண்டு ஓடியாக வேண்டும்.

இன்ஜின் வந்து இறங்கியதும் வேலை மளமளவென்று நடக்கும் என்று நினைப்பவர்கள் பட்டறை வாசல் மிதிக்காதவர்கள். அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்குக்கு ‘ரெஸ்டோமாட்’ என்று பெயர் வைத்து, இன்ஜின் மவுண்ட் முதல் அடாப்டர் பிளேட் வரை பெட்டியில் போட்டு விற்கிறார்கள். இங்கே இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் அந்த அடாப்டர் பிளேட் கல்யாணப் பத்திரிகை அட்டையில் பிறக்கிறது. அட்டையை இன்ஜின் முகத்தில் வைத்து, போல்ட் ஓட்டைகளைப் பென்சிலால் குறித்து, லேத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள். இன்ஜினும் கியர் பாக்ஸும் மயிரிழை பிசகாமல் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் பேரிங் அழும், கிளட்ச் தீயும். லேத்துக்காரர் அதைச் சரியாகவே செய்து கொடுத்தார். பிளேட்டை உற்றுப் பார்த்தால் மணமகன் பெயர் தெரியும் என்று டீக்கடையில் ஒரு பேச்சு.

பழைய கியர் பாக்ஸில் முன்னோக்கி மூன்றே கியர். புது இன்ஜின் முறுக்கும் முறுக்கில் பல் உதிர்ந்துவிடும். ஆகவே ஸ்கார்பியோ கியர் பாக்ஸும் வந்தது. அதன் ஷாஃப்ட் நடுவில் வருகிறது. பழைய ஜீப்பின் பின் அச்சு ஹவுசிங்கிலோ கிரௌன் பல்சக்கரம் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். ஆகவே ஹவுசிங்கும் மாறியது. ஹவுசிங் அகலமானதால் டயர் வெளியே துருத்தியது. ஆகவே தகரம் வெட்டப்பட்டது. கிழிந்த சட்டைக்கு ஒட்டுப்போட அதே சட்டையின் கையை வெட்டிய கதையாக வேலை வளர்ந்துகொண்டே போனது. ‘பழசு பழசுதாம்ல!’ என்ற குரல் மட்டும் ஓயவில்லை.

அடுத்தது மூளைப் பிரச்சினை. பழைய இன்ஜினுக்குப் பெட்ரோலும் காற்றும் ஒரு பொறியும் சேர்ந்தால் போதும். புது இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, அதற்கு முழு வயரிங், அதற்கு ஏகப்பட்ட சென்சார். போதாததற்குச் சாவியை அடையாளம் தெரியாவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது. ஸ்க்ரூ டிரைவரை இன்ஜினில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தே கோளாறு சொல்லும் மெக்கானிக், இப்போது லேப்டாப்போடு வந்த பையனுக்கு ஸ்டூல் எடுத்துப் போட வேண்டியதாயிற்று. பையன் திரையைப் பார்த்து, ‘ஏ.சி. சென்சார் இல்லைன்னு காட்டுது’ என்றான். வண்டியில் கண்ணாடியே இன்னும் மாட்டவில்லை.

டர்போவும் அதன் குழாய்களும் பக்கத்து சீட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கேபினுக்குள் கொதிக்கும் இன்ஜின். வெளியே திருவேங்கடத்துச் சித்திரை வெயில். ‘எனக்கு பஸ் இருக்கு’ என்று வீட்டம்மா ஒரே வரியில் விலகிக்கொண்டார்.

நடுவில் அண்ணாச்சி ஆர்.டி.ஓ. ஆபீஸையும் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டி ஆகிவிடக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ‘அப்ப பழம்பெரும் வண்டின்னு பதியுங்க’ என்றார் அண்ணாச்சி. அதற்கும் 2021இல் விதி வந்திருக்கிறது: ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், சேஸும் பாடியும் இன்ஜினும் பிறந்தபடியே இருக்க வேண்டும். வயது சரி, இன்ஜின் இடறுகிறது. புத்தகத்தில் பெட்ரோல், டாங்கில் டீசல். பழசென்றும் சேர்க்க முடியாது, புதுசென்றும் சேர்க்க முடியாது. அந்த வண்டியில் பழசாகக் கண்ணில் பட்டது முகமும், ஆர்.சி. புத்தகமும், கோழிகளும்தான்.

ஒருநாள் அது கிளம்பிவிட்டது. டீக்கடை முழுக்க எழுந்து நின்றது. ஊர் எல்லை வரை சோதனை ஓட்டம். அண்ணாச்சி மிதித்தார், வண்டி பறந்தது. ரோட்டோரத்தில் யாரோ மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். பிரேக்கை மிதித்தார். பிரேக் மட்டும் 1960களிலேயே இருந்தது: பழைய டிரம், பழைய சிலிண்டர். இன்ஜின் எடையும் ஆள் எடையும் முன்னால்; தொட்டியோ, கோழிகளும் இறங்கிவிட்டதால், காலி. பின் சக்கரம் தரையைத் தேய்த்ததே தவிர, வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தியது மக்காச்சோளக் குவியல்தான். யாருக்கும் அடியில்லை. சோளத்துக்கு உரிய பணத்தை அண்ணாச்சி அங்கேயே எண்ணிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் டீக்கடையில் எல்லாரும் பேசியது வண்டி கிளம்பிய வேகத்தைப் பற்றி. நின்ற விதத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இத்தனை நாளும் ஊரார் அவரிடம் கேட்டவை இரண்டே கேள்விகள்: ‘எப்ப முடியும்?’, ‘எவ்வளவு ஆச்சு?’ இரண்டுக்கும் அவரிடம் ஒழுங்கான பதில் கிடையாது, இனியும் இராது. உங்கள் தெருவிலும் இப்படி ஓர் அண்ணாச்சி இருப்பார். அவரைக் கேலி செய்யாதீர்கள். காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டிக்கு ஆயுள் நீட்டுகிறவர் அவர். ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது, ‘பிரேக் மாத்தியாச்சா? ஆர்.டி.ஓ.கிட்ட எழுத்துல வாங்கியாச்சா?’ என்று கேளுங்கள். இன்ஜினில் கை வைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.