மூக்கை நம்பி இறங்காதீர்!

கே: நானா, கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்போம். அணையாவிட்டால் இறங்குவோம். இதற்கு மேல் ஒரு வாயுக் கருவி எதற்கு?
*– கிணறு இறைப்பவன், கனமூலை*

ப: விளக்குக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: ஒட்சிசன் மிகவும் குறைந்துவிட்டதா, இல்லையா? ஆளைக் கொல்லுமளவு காபனோரொட்சைட்டு இருந்தாலும் அது அமைதியாக எரிந்துகொண்டிருக்கும். உள்ளே மெதேன் இருந்தாலோ, விளக்கே வெடிக்குத் திரி.

கே: ஆனமடுப் பக்கம் ஆழக் கிணறு. மண்ணெண்ணெய் மோட்டரை மேலே வைத்தால் தண்ணி ஏறுதில்லை. உள்ளே இறக்கலாமா?
*– அவருடைய கூட்டாளி*

ப: ஏழெட்டு மீற்றருக்குக் கீழே போன தண்ணீரை மேலிருக்கும் பம்பால் உறிஞ்ச முடியாது. அது மோட்டரின் குற்றமல்ல, காற்றமுக்கத்தின் எல்லை. மோட்டரை உள்ளே இறக்கினால் தண்ணீர் மேலே வரும், புகை கீழே நிற்கும். அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இந்த வேலைக்கு வாயுக் கருவி தேட வேண்டாம். கரன்டில் ஓடும் நீர்மூழ்கி மோட்டரைத் தேடுங்கள்.

கே: கடையில் ‘கேஸ் மீட்டர்’ கேட்டால் நாலைந்து காட்டுகிறார்கள். எதை எடுப்பது?
*– குழம்பியவன், மதுரங்குளி*

ப: மருந்துக் கடையில் போய் ‘ஒரு மாத்திரை தாங்க’ என்றா கேட்பீர்கள்? முதலில் நோய், பிறகு மருந்து. கிணறு, மலசலகூடக் குழி, படகின் மீன் அறை என்றால் நான்கு வாயு மீட்டர்: ஒட்சிசன், எரியும் வாயு, காபனோரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு. நல்ல காற்றில் திரையில் ஒட்சிசன் 20.9 வீதம், மற்ற மூன்றிலும் 0. ஒட்சிசன் 19.5க்குக் கீழே போனால் கத்தும். கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று இறக்குங்கள். ஒவ்வோரிடத்திலும் ஓரிரு நிமிடம் பொறுங்கள். சென்சருக்கும் மூச்சு விட நேரம் வேண்டும்.

கே: அதே மீட்டர் ஐஸ் பெக்டரிக்கும் போதும்தானே?
*– குளிரில் நிற்பவன், கற்பிட்டி*

ப: போதாது. அங்கே ஆபத்து அமோனியா. அந்த நான்கில் அது இல்லை. தனி சென்சர் வேண்டும். அமோனியா காற்றைவிட இலேசானது, ஆகவே நிலையான கருவியை உயரத்தில் மாட்டுவார்கள். சமையல் வாயு பாரமானது. அதற்கு நிலத்தோடு ஒட்டி. மாற்றி மாட்டினால் கருவி சுவருக்கு அலங்காரம்.

கே: இறால் குளத்துக் கறுப்புச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை மணம் வரும். மணம் நின்றால் ஆபத்தும் போய்விட்டதுதானே?
*– பண்ணைக்காரன், முந்தல்*

ப: வெட்டவெளியில் காற்று கொண்டுபோயிருக்கலாம். மூடிய குழியிலோ தொட்டியிலோ மணம் நின்றால்தான் பயப்பட வேண்டும்! ஐதரசன் சல்பைட்டு பத்து இலட்சத்தில் 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். வாயு போகவில்லை, உங்கள் மூக்குத்தான் போய்விட்டது.

கே: கருவிக்குப் பதிலாகக் கோழியை இறக்கினால்?
*– சிக்கனக்காரன்*

ப: பிரித்தானியச் சுரங்கங்களில் கனேரிக் குருவி இறக்கினார்கள். அவர்களே 1986இல் மின்கருவிக்கு மாறிவிட்டார்கள். கோழியைப் புரியாணிக்கு விடுங்கள்.

கே: போனில் ‘ஆப்’ இருக்கிறதாமே?

ப: போனுக்கு மூக்கில்லை.

கே: ஒன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
*– மகன் வாங்கித் தருவான் என்பவர்*

ப: ஆடு வாங்குபவர் புல்லுக்கும் கணக்குப் பார்ப்பார். நச்சுவாயு சென்சர் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்தில் தேய்ந்துவிடும். இடையிடையே அளவுதிருத்தம் வேண்டும். வேலை தொடங்குமுன் சோதனை வாயுவை ஊதி, கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் யார், எங்கே செய்து தருவார் என்று கேளுங்கள். பதில் இல்லாத இடத்தில் விலை எவ்வளவு குறைந்தாலும் நட்டம்தான்.

கே: மச்சான் உள்ளே விழுந்துவிட்டான். மீட்டர் கத்துகிறது. பார்த்துக்கொண்டா நிற்பது?
*– கிணறு இறைப்பவன், மறுபடியும்*

ப: 2018 ஏப்ரலில் ஹொரணை பெல்லப்பிட்டியவில், இறப்பர்த் தொழிற்சாலைத் தொட்டிக்குள் ஒருவர் விழுந்தார். தூக்கப் போனவர்களில் சிலரும் திரும்பவில்லை, மொத்தம் ஐந்து உயிர். மச்சானைத் தூக்குவது அவன் விழுந்த பிறகு தொடங்கும் வேலையல்ல. அவன் இறங்குமுன் இடுப்புப் பட்டியில் கயிறு, மேலே முக்காலியும் இழுக்கும் சக்கரமும், பக்கத்தில் விட்டுப் போகாத ஓர் ஆள். கயிறு இருந்தால் மேலே நின்றே இழுங்கள். இல்லாவிட்டால் அவன் அன்றைக்கு இறங்கியிருக்கவே கூடாது.