ஸ்கஸி சித்தப்பா

மொட்டைமாடியில் மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் ஒரு கணினியின் மேல்மூடியும் காய்ந்துகொண்டிருந்தால், கீழ்வீட்டில் ஒரு ஸ்கஸி சித்தப்பா இருக்கிறார் என்று அறிக. பழுப்பேறிய பிளாஸ்டிக்கில் ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். இரண்டுக்கும் சேர்த்துக் காக்கை விரட்டுவது சித்தியின் பொறுப்பு.

இவர் ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். இப்போது பாட்டுப் பதிவு செய்கிறார். செய்யப்போகிறார் என்று சொல்வது இன்னும் சரி. கருவி, 1992-ல் வந்த அட்டாரி ஃபால்கன் கணினி. அடுத்த வருடமே அதன் தயாரிப்பைக் கம்பெனி நிறுத்திவிட்டது. சித்தப்பா நிறுத்தவில்லை.

குறைசொல்லிவிடவும் முடியாது. 16 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், ஒலிக்கென்றே தனியாக ஒரு சிப், 14 மெகாபைட் ரேம். பெரியப்பா தினமும் அனுப்பும் குட்மார்னிங் வீடியோவே இதில் அடங்காது. ஆனால் எட்டு டிராக் ஒன்றாக ஓடும். 1991-ல் புரோ டூல்ஸ் என்கிற ஒலிப்பதிவு மென்பொருள் வந்தபோது அதற்கே நான்கு டிராக்தான். அதற்கும் மேக் ஒன்று வாங்கி, உள்ளே தனி அட்டை செருக வேண்டும். இந்த ஒப்பீட்டைச் சித்தப்பா கல்யாணப் பந்திகளில் சொல்வார். பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கு முன்பே எழுந்துவிடுவார்.

எதிர்வீட்டுப் பெண் நவராத்திரிக்குப் பாட வேண்டும் என்று வந்தாள்.

“அங்கிள், போன்லயே எடுத்துடலாமே?”

“போன்ல எடுக்கிறது பேர் ரெக்கார்டிங்கா? உட்காரும்மா, பத்தே நிமிஷம்.”

பத்து நிமிடத்தில் அவர் மேஜைக்கு அடியில் இருந்தார். வெளி ஹார்டு டிஸ்க்குகளை ஸ்கஸி (SCSI) என்கிற அந்தக் காலத்துக் கேபிளில் வரிசையாகக் கோக்க வேண்டும். இது கூட்டுக்குடும்பத்துப் பந்தி மாதிரி: ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு, ஒரே எண்ணில் இருவர் உட்கார்ந்தால் ரகளை, இரண்டு கோடியிலும் டெர்மினேட்டர் என்கிற பெரியவர் இருந்தாக வேண்டும். ஒரு பெரியவர் எழுந்துபோனாலும் எந்த டிஸ்க்கும் வாய் திறக்காது. அன்று எழுந்துபோனவரைக் கட்டிலுக்கடியில் கண்டுபிடித்தபோது அந்தப் பெண் டியூஷனுக்குப் போய்விட்டிருந்தாள்.

இட நெருக்கடி வேறு. சி.டி. தரத்தில் ஒரு டிராக்குக்கு நிமிடத்துக்கு 5 மெகாபைட்டுக்கு மேல் வேண்டும்; எட்டு டிராக் என்றால் 42. பெருமையாக வைத்திருக்கும் 500 மெகாபைட் டிஸ்க்கில் பன்னிரண்டு நிமிடம்கூட நிற்காது. ராக ஆலாபனை பாட வருபவரிடம் “சுருக்கமா பாடுங்க” என்று சொல்லும் துணிச்சல் சபா செயலாளருக்குக்கூட வராது, இவருக்கு வரும். அந்தக் காலத்து டிஸ்க்குகள் சூடேறினால் நடுவில் கொஞ்சம் நின்று தம்மைச் சரிபார்த்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் சரணத்தின் பாதி போயே போய்விடும்.

அந்தப் பெண் மறுநாளும் வந்தாள். நல்ல மனசு. ஐந்தரைக் கட்டையில் பாடினாள், பதிவும் ஆனது. ஃபால்கனின் சொந்தக் கடிகாரம் நொடிக்கு 49,170 முறை ஒலியை அளக்கும், சி.டி.க்கு வேண்டிய 44,100 வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஒரு கடிகாரம் பூட்ட வேண்டும். அதைப் பூட்ட மறந்து, மகனின் லேப்டாப்பில் 44,100 என்று வைத்துப் போட்டுக் காட்டினார். நாலரைக் கட்டையில், தூக்கக் கலக்கத்தில் யாரோ பாடினார்கள்.

“உன் குரலுக்கு இந்தச் சுருதிதாம்மா எடுப்பா இருக்கு,” என்றார், கண் இமைக்காமல்.

இவரிடம் முழுப் பாட்டு ஒன்றுகூட இல்லை என்று சித்தி சொல்வது அபாண்டம் அல்ல. ஆனால் “மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ” பெட்டி பெட்டியாக இருக்கிறது. மகன் மழலையில் சொன்னது, குரல் உடைந்த வயதில் சொன்னது, வேலை கிடைத்த எரிச்சலில் சொன்னது, எல்லாம் எட்டு டிராக்கில் பத்திரம். குடும்பத்தில் வேறு யாரும் இவ்வளவு முறையாக ஆவணம் சேர்த்ததில்லை.

போன வருடம் டிஸ்க் உயிரை விட்டது. ரிச்சி தெருவில் கண்டென்சர் வாங்கி மாற்றிப் பார்த்தார், அசையவில்லை. கடைசியில் எஸ்.டி. கார்டைப் பழைய டிஸ்க் போல நடிக்க வைக்கும் பலகை ஒன்றைத் தருவித்தார். சூடு இல்லை, சத்தம் இல்லை, இடமும் தாராளம். பதிவறைக்கு வேறென்ன வேண்டும்? சித்தப்பாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு, ஹார்டு டிஸ்க்கின் ‘கிர்ரக், கிர்ரக்’ ஓசையை மட்டும் எழுப்புகிற குட்டிப் பலகை ஒன்றும் விற்கிறார்கள் என்று தெரிந்து, அதையும் காசு கொடுத்து வாங்கிப் பூட்டினார்.

இப்போது எதிர்வீட்டுப் பெண் வாயெடுத்ததும் அது கிர்ரக் என்கிறது. மைக்கில் சுத்தமாக விழுகிறது. அவள் பாதியில் நிறுத்தி அவரைப் பார்க்கிறாள்.

“டிஸ்க் எழுதுதும்மா,” என்கிறார். “நீ பாடு.”